திமிங்கலம் என்ன பேசுதுன்னு கண்டுபிடிக்கிறதால திமிங்கலத்துக்கு என்ன லாபம்?

சும்மாபடிப்பவன்:
ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்கிற கேள்வி, யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. போனைத் திறந்தாலே கடல் பிராணி ஆராய்ச்சி ஏதாவது ஒண்ணு வந்து நிக்குது. ஸ்பெர்ம் வேல் போடுற சத்தத்துல எழுத்து மாதிரி ஒரு அமைப்பு இருக்காம், எலிஃபன்ட் சீல் நடுக்கடல்ல ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம்தான் தூங்குதாம் அதுவும் மல்லாந்து சுத்திக்கிட்டே ஆழத்துக்கு இறங்கிக்கிட்டே தூங்குதாம், அப்புறம் 2025ல வந்தது, ஓர்காங்க (கில்லர் வேல்னு சொல்வாங்களே) கெல்ப் பாசித் தண்டை ஒடிச்சு எடுத்து ரெண்டு பேர் உடம்புக்கு நடுவுல வச்சு உருட்டி தேய்ச்சுக்குதாம். படிக்க செமயா இருக்கு, நானும் நாலு பேருக்கு ஃபார்வர்ட் பண்ணிட்டுதான் இருக்கேன்.

ஆனா ஒரு பக்கம் வலையில மாட்டி சாகுறது, கப்பல் இடிச்சு சாகுறது எல்லாம் அப்படியேதானே நடக்குது? இந்த நடத்தை ஆராய்ச்சியால நிஜமாவே ஏதாவது ஒரு உயிராவது பிழைச்சிருக்கா, இல்ல நமக்கு வேடிக்கை பாக்கறதுக்கு மட்டும்தானா? அப்படியே இன்னொன்னும் கேட்டுடறேன், ஸ்பெயின் பக்கம் ஓர்கா படகை உடைக்குதே, அது பழிவாங்குறதுதானா? கமெண்ட்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.

நீலவலை:
பிழைச்சிருக்கு நண்பா. ஆனா ஃபார்வர்ட்ல வர்ற ஆராய்ச்சியால இல்ல, ஃபார்வர்ட்ல வராத ஆராய்ச்சியால.

உதாரணத்துக்கு செவுள் வலையை எடுத்துக்குங்க. ராத்திரி கடல்ல சுவர் மாதிரி நிக்கும், மீன் வந்து தலையை விட்டா செவுள்ல மாட்டிக்கும். கூடவே ஆமை, சுறா, திருக்கை எல்லாம் மாட்டும். எந்த விலங்கு எந்த நிற வெளிச்சத்தைப் பாக்கும், பாத்தா என்ன பண்ணும்னு தெரிஞ்சவங்க வலையோட மேல்கயித்துல பத்து மீட்டருக்கு ஒண்ணுன்னு பச்சை எல்இடி விளக்கு கட்டிப் பாத்தாங்க. மெக்சிகோவோட பாஹா கலிஃபோர்னியா கடல்ல பண்ணினது, 2022ல வெளியாச்சு. வேண்டாத உயிர்கள் மாட்டுறது மொத்தத்துல 63 சதவீதம் குறைஞ்சது, சுறா திருக்கை மட்டும் பாத்தா 95 சதவீதம். விக்கிற மீன் அளவுல குறை வரல. இதுல எனக்குப் பிடிச்சது வேற ஒரு விஷயம், வலையை இழுத்து அதுல மாட்டினதைப் பிரிச்சு எடுக்கற நேரம் பாதிக்கும் மேல குறைஞ்சிருக்கு. அதாவது ஆமைக்காக இல்லன்னாலும் தன் முதுகுவலிக்காகவே ஒரு மீனவர் இதை மாட்டுவார். விளக்கோட விலையை யார் குடுக்கறதுங்கறது தனிக் கதை.

இன்னொன்னு சத்தம். வட அட்லாண்டிக் ரைட் வேல்னு ஒரு திமிங்கலம், இப்ப நானூறுக்கும் கீழதான் மிச்சம். 2001 செப்டம்பர் 11க்கு அப்புறம் கொஞ்ச நாள் கப்பல் போக்குவரத்து குறைஞ்சுது இல்லையா, அந்த சமயத்துல கனடாவோட ஃபண்டி வளைகுடாவுல தண்ணிக்குள்ள சத்தம் 6 டெசிபல் இறங்கிடுச்சு. அதே இடத்துல இன்னொரு கூட்டம் வேற காரணத்துக்காக திமிங்கல மலத்தைச் சேகரிச்சுட்டு இருந்தாங்க, அதுல இருக்கிற மன அழுத்த ஹார்மோனை அளக்கறதுக்கு. படகு முனையில மோப்ப நாயை நிக்க வச்சுக்கிட்டுப் போவாங்க, நாய் எந்தப் பக்கம் மூக்கைத் திருப்புதோ அந்தப் பக்கம் படகைத் திருப்பணும், மூழ்கறதுக்குள்ள அள்ளணும். ரெண்டு கணக்கையும் பக்கத்துல வச்சுப் பாத்தா, சத்தம் குறைஞ்ச அந்த நாள்ல ஹார்மோனும் இறங்கியிருக்கு. கப்பல் சத்தம் அதுங்களை வாட்டுதுன்னு அதுவரைக்கும் ஊகமா பேசினதுக்கு 2012ல கையில ஆதாரம் கிடைச்சது இப்படித்தான்.

ராத்திரிஆந்தை:
ஓர்கா கேள்விக்கு மட்டும் நான் சொல்றேன், ஏன்னா இந்தப் பழிவாங்கல் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சலா இருக்கு.

2020ல ஆரம்பிச்சது. ஜிப்ரால்டர் நீரிணைல இருந்து போர்ச்சுகல் கரை, ஸ்பெயினோட வடமேற்குல இருக்கிற கலீசியா வரைக்கும். அந்த ஐபீரிய ஓர்காக் கூட்டமே மொத்தம் நாப்பதுக்கும் கீழதான், அதுல ஒரு பகுதிதான் இந்த வேலை பண்ணுது, அதுலயும் சின்ன வயசுக்காரங்கதான் ஜாஸ்தி. குறி எப்பவும் பாய்மரப் படகோட சுக்கான் மேலதான். பின்பக்கமா வந்து தலையால தள்ளும், சுக்கான் திரும்பும், திரும்பத் தள்ளும், ஒடியற வரைக்கும். ஒடிஞ்சதும் பல தடவை ஆர்வம் போயி கிளம்பிடும். சில படகு மூழ்கியே போயிருக்கு, ஆனா ஒரு மனுஷனைக் கூட கடிக்கல, கொல்லல. சீலையும் திமிங்கலக் குட்டியையும் கூட்டமா வேட்டையாடுற இனம் இது, நிஜமாவே கோபம்னா நிலைமை வேற மாதிரி இருந்திருக்கும்.

காயம்பட்ட ஒரு தாய் ஓர்காதான் ஆரம்பிச்சு வச்சதுன்னு ஒரு ஊகம் முன்னாடி ஓடுச்சு, பத்திரிகைக்கு அது அல்வா மாதிரி கிடைச்சுது. சர்வதேச திமிங்கலவேட்டை ஆணையம் கூட்டின நிபுணர்கள் 2024ல சொன்னது, இது விளையாட்டு, இளசுங்க நடுவுல பரவின ஒரு ஃபேஷன்னு. அதுங்க சாப்பிடற ப்ளூஃபின் சூரை மீன் அந்தப் பக்கம் திரும்பப் பெருகிடுச்சு, அதனால இரை தேடற நேரம் குறைஞ்சு பொழுது மிச்சம். ஓர்காவுக்கு ஃபேஷன் புதுசும் இல்ல, 1987ல அமெரிக்காவோட பியூஜெட் சவுண்ட்ல ஒரு ஓர்கா செத்த சால்மனைத் தலைமேல வச்சுக்கிட்டு சுத்த, வேற கூட்டங்களும் அதைப் பாத்து ஆரம்பிச்சு, கொஞ்ச நாள்ல எல்லாம் விட்டுடுச்சு.

இதுல பாதுகாப்பு எங்க வருதுன்னா, பழிவாங்கல்னு நினைக்கிற ஆள் பட்டாசு வீசறான். விளையாட்டுன்னு புரிஞ்சவன், விளையாட வாய்ப்பு குடுக்காம இருப்பான். ஸ்பெயின் அரசு 2024ல சொன்னதே அதுதான், மே முதல் ஆகஸ்ட் வரைக்கும் காடிஸ் வளைகுடாவுக்கும் ஜிப்ரால்டருக்கும் நடுவுல முடிஞ்ச அளவு கரையை ஒட்டிப் போங்க, ஓர்கா வந்தா நிக்காதீங்க, ஆழம் கம்மியான பக்கமா ஓட்டிட்டே இருங்கன்னு. நாப்பது கூட இல்லாத கூட்டத்துல கோவக்கார ஆளுங்க கையால ரெண்டு பெண் ஓர்கா செத்தாலும் அந்தக் கூட்டத்துக்கு அது தாங்காத அடி.

உப்புக்கணக்கு:
எல்லாம் சரிங்க, நான் கொஞ்சம் கசப்பாவே சொல்றேன். நீலவலை சொன்ன அதே ரைட் வேல் திமிங்கலத்தையே எடுத்துக்குங்க. அதைப் பத்தி நமக்குத் தெரியாதது என்ன இருக்கு? ஒவ்வொண்ணுக்கும் தலையில இருக்கிற தடிப்பை வச்சு அடையாளம் போட்டு, நம்பர் குடுத்து, அம்மா யாருன்னு வரைக்கும் பதிவு பண்ணி வச்சிருக்காங்க. ரெண்டு விஷயம்தான் அதைக் கொல்லுது, கப்பல், நண்டு லாப்ஸ்டர் பொறிக்கு விடற கயிறு. அமெரிக்காவுல 2008 முதல் 65 அடிக்கு மேல இருக்கிற கப்பல் குறிப்பிட்ட காலத்துல குறிப்பிட்ட பகுதியில 10 நாட் (மணிக்கு சுமார் 18.5 கிலோமீட்டர்) வேகத்துக்கு மேல போகக்கூடாது. சின்ன படகும் இடிச்சுக் கொல்லுதுன்னு தெரிஞ்சு 35 அடி வரைக்கும் அந்த விதியைக் கொண்டுவர 2022ல முன்மொழிஞ்சாங்க. 2025 ஜனவரியில வாபஸ். அவ்வளவுதான். ஆராய்ச்சி பத்தலைன்னு யாரும் வாபஸ் வாங்கல.

அதனால சும்மாபடிப்பவன் கேட்டதுல நியாயம் இருக்கு. புதுசா ஒரு பேப்பர் வர்றதுக்கும் ஒரு கப்பல் வேகத்தைக் குறைக்கறதுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியை எந்தப் பேப்பரும் நிரப்பாது.

திருக்கைவால்:
உப்புக்கணக்கு அண்ணா, பாதி ஒத்துக்கறேன். ஆனா "தெரியாதது என்ன இருக்கு"ன்னு கேட்டீங்களே, 2017ல நடந்ததைப் பாருங்க. அந்த ஒரே வருஷத்துல 17 ரைட் வேல் செத்துச்சு, அதுல 12 கனடா கடல்ல. காரணம் அதுங்க இடம் மாறினது. மெய்ன் வளைகுடா சூடாகி, அதுங்க தின்கிற கடுகு சைஸ் மிதவை உயிரி அங்க குறைஞ்சு போச்சு, இரையைத் தேடி வடக்கே கனடாவோட செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவுக்குப் போச்சுங்க. அங்க வேக வரம்பும் கிடையாது, பொறிக்குத் தடையும் கிடையாது, ஏன்னா அந்த மாதிரி கூட்டமா வரும்னு யாரும் எதிர்பாக்கல. மேப்புல கோடு போட்டுப் பாதுகாத்துட்டோம்னு உக்காந்திருந்தோம், அது கோட்டைத் தாண்டிப் போயிடுச்சு. அப்புறம் கனடா என்ன பண்ணுச்சுன்னா, ஒரு திமிங்கலத்தைப் பாத்தாலே அந்தப் பகுதி மீன்பிடிப்பை 15 நாள் மூடற மாதிரி விதி கொண்டுவந்தது. 2018ல கனடாவுல ஒண்ணும் சாகல. 2019ல திரும்ப ஒன்பது செத்துச்சு, அதையும் சொல்லிடணும், திரும்ப இறுக்கினாங்க, தண்ணிக்குள்ள மைக்ல குரல் கேட்டாலும் மூடணும்னு.

நல்லா நடந்த ஒண்ணும் சொல்றேன். இலங்கைக்குத் தெற்கே இருக்கிற நீலத் திமிங்கலம் மத்த இடத்து நீலத் திமிங்கலம் மாதிரி குளிர்க்கடலுக்கு வலசை போறதில்ல, வருஷம் பூரா வெதுவெதுப்பான தண்ணியிலேயே மேயுது. இலங்கை கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ் அதைக் கவனிச்சு பின்தொடர்ந்தவங்க, 2003ல தண்ணியில மிதந்த சிவப்பு மலத்தைப் பாத்து, இங்கேயே தின்னுதுன்னு புரிஞ்சுக்கிட்டாங்க. மேயற இடம் சரியா உலகத்துலயே ரொம்ப நெரிசலான கப்பல் பாதைகள்ல ஒண்ணு மேல. பாதையை 15 கடல் மைல் தெற்கே தள்ளினா மோதற ஆபத்து 95 சதவீதம் குறையும்னு கணக்கு போட்டுச் சொன்னாங்க. சர்வதேசப் பாதை மாறல, ஆனா எம்எஸ்சின்னு பெரிய கன்டெய்னர் கப்பல் கம்பெனி 2022ல தானாவே தன் கப்பலை எல்லாம் தெற்கே திருப்பிடுச்சு. யார் கையெழுத்துக்கும் காத்திருக்கல.

அப்புறம் அந்த ஸ்பெர்ம் வேல் "எழுத்து" சமாச்சாரம். 2024ல வந்தது, டொமினிகா தீவுக்குப் பக்கத்துல பதிவு பண்ணின சுமார் 9,000 கோடாவை, அதாவது டக் டக்னு வர்ற கிளிக் தொகுப்பை, கம்ப்யூட்டர்ல போட்டு அலசினாங்க. தாளம், வேகம், நடுவுல கொஞ்சம் இழுக்கறது, கடைசியில கூடுதலா ஒரு கிளிக் வைக்கறது, இதையெல்லாம் மாத்தி மாத்திச் சேத்து நிறைய வகை உண்டாக்குதுன்னு கண்டாங்க. ஆனா எது என்ன அர்த்தம்னு யாரும் கண்டுபிடிக்கல, எழுத்துன்னு சொல்றதுக்கே சில ஆராய்ச்சியாளர்கள் ஆட்சேபம் சொல்றாங்க. அதனால மொழிபெயர்ப்பு ஆப் வரப்போகுதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

நிஜமா பயன்பட்டது அதுக்கு முந்தின வேலை. கலாபகஸ் பக்கம் ஸ்பெர்ம் வேலுங்க கோடா வழக்கை வச்சு தனித்தனி குலமா பிரிஞ்சிருக்கு, ஒரே கடல், மரபணுவுல பெரிய வித்தியாசம் இல்ல, ஆனா நீந்தற விதமும் இரை தேடற விதமும் வேற வேற. சாதாரண வருஷத்துல ஒரு குலம் நல்லாச் சாப்பிடுது, எல் நினோ வருஷத்துல கடல் சூடானா அந்தக் குலம் சரிஞ்சு இன்னொரு குலம் தேவலாம்னு நிக்குது. அப்ப மொத்தத் தலை எண்ணிக்கையை மட்டும் பாத்து "போதும், நிறைய இருக்கு"ன்னு சொன்னா, சூட்டைத் தாங்கத் தெரிஞ்ச குலமே அழிஞ்சு போனாலும் நமக்குத் தெரியாது. வலசை உயிரினங்களுக்கான ஐநா ஒப்பந்தத்துல 2017 மணிலா மாநாட்டுல இந்தக் குலங்களைக் கணக்குல எடுத்து நாடுங்க சேந்து வேலை செய்யணும்னு முடிவெடுத்தாங்க. டொமினிகாவும் 2023ல சுமார் 800 சதுர கிலோமீட்டர் கடலை ஸ்பெர்ம் வேலுக்கான காப்பகமா அறிவிச்சது.

சும்மாபடிப்பவன்:
இவ்வளவு வரும்னு நினைக்கல, நன்றி எல்லாருக்கும். கோடா வழக்கு குலம்ங்கறதெல்லாம் எங்க இருந்து எங்க போகுது பாருங்க. ஒண்ணே ஒண்ணு, நடுக்கடல்ல யார் போயி காவல் பாப்பாங்க? விதி போட்டா மட்டும் போதுமா?

நீலவலை:
அல்பட்ராஸ் பாக்கும். கிண்டல் இல்லங்க. மீன்பிடிக் கப்பல் பின்னாடி கழிவுக்காக அலையறது அந்தப் பறவையோட பழக்கம், அந்தப் பழக்கத்தையே பயன்படுத்திக்கிட்டாங்க. தென் இந்தியப் பெருங்கடல் தீவுகள்ல 169 அல்பட்ராஸ் முதுகுல ரேடார் சிக்னலைப் பிடிக்கிற சின்னக் கருவியை ஒட்டி விட்டாங்க, 2020ல முடிவு வந்துச்சு. பறவை கண்டுபிடிச்ச கப்பல்ல கால்வாசிக்கு மேல, தான் எங்க இருக்குன்னு சொல்ற அடையாள சிக்னலை அணைச்சு வச்சிருந்தது, எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பகுதியில மூணுல ஒரு பங்குக்கும் மேல.

உப்புக்கணக்கு:
இது நல்லாருக்கு, ஒத்துக்கறேன். ஆனா அணைச்சு வச்சவனை அல்பட்ராஸ் பிடிச்சுக் குடுத்தா, அபராதம் போடறது யாரு? ஆழ்கடல் ஒப்பந்தம் (எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலுக்கானது) 2026 ஜனவரி 17ல தான் நடைமுறைக்கே வந்திருக்கு, அதுல காப்பகம் அறிவிக்கலாம், கப்பலைப் பிடிக்கிற வேலை கொடி குடுத்த, அதாவது அந்தக் கப்பலைப் பதிவு பண்ணின நாட்டோடதுதான். அந்த நாடு கண்ணை மூடிக்கிட்டா?

திருக்கைவால்:
கொடி நாடு மூடிக்கிட்டா துறைமுகம்தான் ஒரே வழி அண்ணா. மீனை எங்கயாவது இறக்கியே ஆகணும் இல்ல? துறைமுக நாடுங்க சட்டவிரோதமா மீன் பிடிச்ச கப்பலை உள்ள விடாம இருக்கறதுக்கு தனியா ஒரு ஒப்பந்தமே 2016ல இருந்து அமல்ல இருக்கு. சிக்னல் அணைஞ்சிருந்த நேரமும் இடமும் கையில இருந்தா, துறைமுக அதிகாரி அந்த மணிக்கணக்கை வச்சே கேப்டன்கிட்ட கேக்கலாம், "இந்த எட்டு மணி நேரம் எங்க இருந்தீங்க"ன்னு.