உர மானியம், பயிர்க் காப்பீடு: அரசு விலகிக்கொள்ளலாமா?

மணலி ரவி:
எங்கள் பகுதியில் இருக்கும் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் ஆலையின் யூரியா 45 கிலோ மூட்டை கடையில் 266 ரூபாய் 50 காசு. தயாரிப்புச் செலவு அதைவிடப் பல மடங்கு. வித்தியாசத்தை மத்திய அரசு ஆலைக்குக் கொடுக்கிறது. 2010இல் டிஏபி, பொட்டாஷ் போன்ற மற்ற உரங்களுக்குச் சத்து அடிப்படையில் மானியம் கொண்டுவந்தபோதும் யூரியாவை மட்டும் தொடவில்லை. மலிவாகக் கிடைப்பதால் எல்லாரும் அதையே கொட்டுகிறார்கள். யூரியாவில் இருக்கும் தழைச்சத்து கூடினால் நெல் கரும்பச்சையாக, பார்க்க அழகாக நிற்கும். அப்புறம் புகையான் பூச்சி விழும், லேசான காற்றுக்கே பயிர் சாய்ந்துவிடும். வரிப்பணத்தைக் கொடுத்து மண்ணைக் கெடுக்கிறோம். உர மானியம், காப்பீட்டு மானியம், இலவச மின்சாரம் என எல்லாவற்றிலிருந்தும் அரசு விலக வேண்டும் என்பது என் கருத்து. நியூசிலாந்தில் 1984இல் லேபர் கட்சி அரசு பண்ணை மானியங்களை எடுத்தது. அங்கே விவசாயம் அழிந்துவிடவில்லை.

திருவொற்றியூர் குமரேசன்:
ரவி அண்ணே, நியூசிலாந்தையும் நம்ம ஊரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். அங்கே ஒரு பண்ணையே நூற்றுக்கணக்கான ஏக்கர். இங்கே 2015-16 கணக்கெடுப்புப்படி 86 சதவீத நிலவுடைமைகள் 2 ஹெக்டேருக்கும் கீழே. மீஞ்சூர் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு இருப்பது மூன்று ஏக்கர். ஒரு போகம் போனால் நகை அடகுக்குப் போகும்.

காப்பீட்டில் குறை இல்லை என்று நான் சொல்லவில்லை. சிட்டா, அடங்கல் என்று நில ஆவணம் எல்லாம் கொடுத்து, கெடு தேதிக்குள் பணமும் கட்டினோம். வயல் தண்ணீரில் நின்றது. ஆனால் கிராமத்துக்குச் சில இடங்களில் அறுத்துப் பார்த்து எடுக்கும் சராசரி விளைச்சல் நன்றாக இருந்ததால் எங்களுக்கு ஒன்றும் வரவில்லை. இதையெல்லாம் சரிசெய்ய வேண்டும், நிறுத்தக் கூடாது. வெள்ளம் வந்தால் வட்டாரம் முழுக்க ஒரே நாளில் நஷ்டம். அவ்வளவையும் தாங்க எந்தத் தனியார் நிறுவனமும் சும்மா முன்வராது. அமெரிக்காவில்கூட 1938 முதல் அரசுப் பயிர்க் காப்பீடு உண்டு. இன்றும் பிரீமியத்தில் சுமார் 60 சதவீதம் அரசு கட்டுகிறது.

ராயபுரம் தீபா:
இரண்டு பேரும் பாதிக் கணக்கைத்தான் பேசுகிறீர்கள். அரசு ஒரு கையால் கொடுப்பதை இன்னொரு கையால் பிடுங்குகிறது. 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை. 2024 செப்டம்பரில்தான் விலக்கினார்கள். வெங்காயத்துக்கு 2023 ஆகஸ்டில் 40 சதவீத ஏற்றுமதி வரி, டிசம்பரில் முழுத் தடை. விலை ஏறும்போதெல்லாம் விவசாயியின் கையைக் கட்டிவிடுகிறார்கள். மானியத்தையெல்லாம் சேர்த்தாலும் இந்திய விவசாயி மொத்தத்தில் இழக்கிறார் என்று வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓஇசிடி ஆண்டுதோறும் கணக்குக் காட்டுகிறது. நானும் அரசு விலக வேண்டும் என்பவள்தான். ஆனால் முதலில் போக வேண்டியது தடைகள், மானியம் அதற்குப் பிறகு. ரவி சொல்லும் வரிசையில் போனால் விவசாயிக்கு இரண்டு பக்கமும் அடி. 1952இல் ராஜாஜி இதே சென்னை மாகாணத்தில் உணவு தானியக் கட்டுப்பாட்டை எடுத்தார், பஞ்சம் வந்துவிடவில்லை.

காசிமேடு அன்பு:
தீபாக்கா, தடையை எடுத்தால் அரிசி விலை ஏறுமே, அதை யார் தாங்குவது? வியாசர்பாடியில் மூட்டை தூக்குகிறவர் ரேஷன் அரிசியோடு கடையிலும் வாங்கித்தான் மாதத்தை ஓட்டுகிறார். எங்களுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை. குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம். வலையைக் கரையில் போட்டுவிட்டு இரண்டு மாதம் அந்தப் பணத்தை வைத்து என்ன செய்ய முடியும் என்று எங்களுக்குத்தான் தெரியும். அதுவும் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனசு வராது.

ராயபுரம் தீபா:
தம்பி, ஏழைக்கு விலை தாங்கவில்லை என்றால் அந்தக் குடும்பத்தின் கையில் பணம் கொடுக்கட்டும். அதற்கான செலவை ஊரார் எல்லாரும் வரியாகக் கட்டுவோம். விவசாயி மட்டும் ஏன் கட்ட வேண்டும்? ஏற்றுமதித் தடையால் வேளச்சேரியில் கார் வைத்திருப்பவரும்தானே மலிவாக அரிசி வாங்குகிறார்.

மணலி ரவி:
தீபா சொல்லும் வரிசைக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தடை போகட்டும் என்று காத்திருந்தால் மானியம் ஒருநாளும் போகாது. இலவச மின்சாரத்தைப் பாருங்கள். மோட்டார் ராத்திரி பகலாக ஓடி நிலத்தடி நீர் எங்கே போனது? மீஞ்சூரில் போர் போட்டால் உப்புத் தண்ணீர்.

திருவொற்றியூர் குமரேசன்:
மீஞ்சூரை மட்டும் இதில் இழுக்காதீர்கள் அண்ணே. ஆரணியாறு - கொசஸ்தலையாற்றுப் படுகையில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என வரிசையாகக் கிணறு போட்டு உறிஞ்சியது சென்னைக் குடிநீருக்கும் தொழிற்சாலைகளுக்கும்தான். விவசாயியும் இறைத்தார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கடல்நீர் உள்ளே வந்த பழியை மோட்டார் செட் மேல் மட்டும் போட முடியாது. அந்தத் தண்ணீரை நீங்களும் நானும் குடித்தோம்.

ராயபுரம் தீபா:
இது சரியான பேச்சு. காப்பீட்டுக்கு வருகிறேன். இப்போது விவசாயி பிரீமியமாகக் கட்டுவது மழைக்காலச் சாகுபடியான காரிஃபில் 2 சதவீதம், குளிர்காலச் சாகுபடியான ரபியில் 1.5 சதவீதம். மிச்சம் மத்திய, மாநில அரசுகளுடையது. அரசு பங்கு தரத் தாமதித்தால் இழப்பீடும் தாமதம். அறுவடைச் சோதனையை விட்டுவிட்டு மழைமானியைப் பார்த்துப் பணம் போடும் முறையைத் தனியார் நேரடியாக விற்கலாமே? இத்தனை மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் உடனே கணக்கில் பணம். வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கு அலைய வேண்டாம்.

திருவொற்றியூர் குமரேசன்:
எங்கள் வயலை மூழ்கடிப்பது எங்கள் ஊர் மழை மட்டும் இல்லை அக்கா. பூண்டி ஏரியில் உபரி நீரைத் திறந்தால் கொசஸ்தலையாற்றில் அது எங்கள் பக்கமாகத்தான் எண்ணூருக்குப் போகும். இங்கே தூறலே இல்லாத நாளிலும் வரப்பு மறையும். அதை எந்த மழைமானி காட்டும்?

மணலி ரவி:
அப்படியானால் ஷட்டரைத் திறந்த துறைதான் நஷ்டத்தைக் கொடுக்க வேண்டும். அடுத்தவன் நிலத்தைக் கெடுத்தவன் ஈடு கட்டுவது நான் சொல்லும் கொள்கைக்குள்ளேயே வருகிறது. அதற்காக நாடு முழுக்க அரசே பிரீமியம் கட்ட வேண்டுமா?

திருவொற்றியூர் குமரேசன்:
துறை மேல் வழக்குப் போட்டு வாங்க எத்தனை வருஷம் ஆகும் அண்ணே? மறு நாற்று விட எனக்கு இந்த மாதமே பணம் வேண்டும். கோர்ட்டுக்குப் போகாமல் அந்தப் பணம் வர வழி சொல்லுங்கள், காப்பீட்டு மானியத்தைப் பற்றி அப்புறம் பேசுவோம்.