ஒரே வீடு, ஒரே கொசு: டெங்கு மகளை மட்டும் ஏன் சாய்த்தது?

நெல்லை மருமகள்:
2017 ஐப்பசி மழைக்காலம். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 7. ஒரு நாள் முன்பின்னாக இரண்டு பேருக்கும் காய்ச்சல். டெங்குவைக் கண்டுபிடிக்கும் என்எஸ்1 டெஸ்ட் இருவருக்கும் பாசிட்டிவ். மகன் நாலு நாள் முனகிக் கிடந்துவிட்டு ஐந்தாம் நாள் தோசை கேட்டான். மகளுக்கும் ஐந்தாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டது. அப்பாடா என்று உட்கார்ந்தேன். மதியத்துக்குள் வயிற்றுவலி, வாந்தி, கை கால் ஜில்லிட்டுப் போனது. தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்று காட்டும் பிசிவி 36-இலிருந்து 47-க்கு ஏறியிருந்தது. பிளேட்லெட் 28,000. ஐசியூவில் இரண்டு இரவு. பிழைத்து வந்தாள்.

எனக்கு இன்றும் ஆறாதது வேறு. "அவ அம்மா வழி உடம்பு அப்படி. எங்க வம்சத்துல யாருக்கும் இப்படி ஆனதில்ல" என்று ஐசியூ வாசலிலேயே மாமியார் சொன்னார். அப்படியானால் மகன் யார் வழி? நிஜமாகவே இது பரம்பரையில் வருகிற விஷயமா? உங்கள் வீடுகளில் இப்படி நடந்திருக்கிறதா?

லேப் டெக்னீஷியன்:
சகோதரி, என் கதையையே சொல்கிறேன். எனக்கு டெங்கு இரண்டு தடவை வந்திருக்கிறது. முதல் தடவை மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கே போனேன். ஆறு வருடம் கழித்து இரண்டாவது தடவை வந்தபோது ஈறில் ரத்தம் கசிந்து, எழுந்து நின்றாலே தலை சுற்றி, ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். நடுவில் என் மரபணு ஒன்றும் மாறிவிடவில்லையே!

டெங்கு வைரஸில் நான்கு வகை. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு எதிர்ப்புச் சக்தி நிலைக்கும். வேறு வகை வரும்போதுதான் வம்பு. பழைய எதிர்ப்புப் புரதங்கள் புது வைரஸை அரைகுறையாகப் பிடித்து, கொல்ல முடியாமல், ரத்த அணுக்களுக்குள்ளேயே கொண்டு போய் விட்டுவிடும். காவல்காரனே கதவைத் திறந்துவிட்ட மாதிரி. மகளுடைய ஃபைலில் ஐஜிஜி என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள். அதுவும் ஒரு வகை எதிர்ப்புப் புரதம்தான். காய்ச்சல் வந்த இரண்டு மூன்று நாளிலேயே அது பாசிட்டிவ் என்றால், அவளுக்கு டெங்கு ஏற்கெனவே ஒரு தடவை வந்து போயிருக்கிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

சிங்கைவாசி:
லேப் அண்ணன் சொல்வதுதான் பெரிய காரணம். ஆனால் அதோடு கதை முடியவில்லை. இரண்டாம் தடவை வருகிறவர்களிலும் பெரும்பாலோர் ஷாக் வரை, அதாவது ரத்த ஓட்டமே தளர்ந்துபோகும் நிலை வரை, போவதில்லை. அந்தச் சிலர் ஏன் போகிறார்கள் என்று தேடும்போதுதான் மரபணு வருகிறது.

2011-இல் வியட்நாம் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. டெங்கு ஷாக் வந்த ஏறத்தாழ 2,000 குழந்தைகளின் டிஎன்ஏவையும் அதே அளவு மற்றவர்களின் டிஎன்ஏவையும் முழுக்க ஒப்பிட்டார்கள். பிறகு வேறொரு கூட்டத்தில் சரிபார்த்தார்கள். இரண்டு மரபணுக்கள் தேறின: எம்ஐசிபி, பிஎல்சிஇ1. முதலாவது, தொற்றுக்கு ஆளான செல் "என்னைக் கவனி" என்று மேற்பரப்பில் தூக்கிக் காட்டும் கொடி மாதிரி. அதைப் பார்த்துத்தான் கொல்லும் அணுக்கள் வரும். இரண்டாவது மரபணு மோசமாகப் பழுதானால், சிறுநீரக வடிகட்டி ஓட்டையாகிப் புரதம் ஒழுகும் நோய் குழந்தைகளுக்கு வரும். டெங்கு ஷாக்கிலும் ரத்தக் குழாயிலிருந்து நீர் ஒழுகுவதுதானே பிரச்சினை? அதனால்தான் அந்த மரபணு எல்லோர் கவனத்தையும் இழுத்தது.

2020-இல் இங்கே சிங்கப்பூரில் 35,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது, அதில் நானும் ஒருத்தி. டிஎன்ஏ தரவோடு மல்லாடுவதுதான் என் வேலை. சும்மா இருக்க முடியாமல் என் சொந்த ஃபைலைத் திறந்து பார்த்தேன். ஷாக் வந்த குழந்தைகளிடம் எம்ஐசிபியில் கூடுதலாகத் தென்பட்ட அந்த ஆபத்தான டிஎன்ஏ எழுத்து எனக்கும் இருந்தது. எனக்கு வந்ததோ மூன்று நாள் தலைவலியும் கொஞ்சம் அரிப்பும்தான்! அந்த எழுத்து ஆபத்தை ஏற்றுவது ஏறக்குறைய 1.3 மடங்கு. அதை வைத்து ஒரு ஆளுக்கு ஜோசியம் சொல்ல முடியாது. மாமியாருக்கு நிச்சயம் முடியாது.

மட்டக்களப்புத் தாதி:
தங்கச்சி, 2017 எங்களுக்கும் மறக்க முடியாத வருஷம். இலங்கை முழுக்க 1,86,000 பேருக்கு மேல். வாட்டில் ஒரு கட்டிலில் இரண்டு பிள்ளைகள். ஒரே வீட்டிலிருந்து மூன்று சகோதரர்கள் வந்தார்கள். நடுவிலவனுக்கு மட்டும்தான் நீர் கசிய ஆரம்பித்தது. "எங்கட குடும்பத்துக்கு ஏதும் சாபமோ, மிஸ்?" என்று தகப்பன் கேட்டார். நான் என்னத்தைச் சொல்ல?

வாட்டில் எங்களுக்கு மரபணு தெரியாது. தெரிவதெல்லாம் நாடியும் சலமும் (சிறுநீர்)தான். மேல் பிரஷருக்கும் கீழ் பிரஷருக்கும் இடைவெளி 20-க்கு இறங்கினால் எல்லோரும் ஓடுவோம். காய்ச்சல் விட்டால் தாய்மார் சிரிப்பார்கள், எங்களுக்கு அப்போதுதான் வயிறு கலங்கும். அடுத்த ஒன்றிரண்டு நாள்தான் கண்டம். சேலைன் குறைந்தாலும் பிழை, கூடினாலும் நெஞ்சில் நீர் கட்டும். மற்றது, சொல்லாமல் இருக்க முடியவில்லை: காய்ச்சலுக்கு புரூஃபன், ஆஸ்பிரின் கொடுத்துவிட்டுக் கொண்டு வருகிறார்கள். பரசிட்டமோல் மட்டும் போதும்.

ஓய்வுபெற்ற டாக்டர்:
வம்சப் பேச்சு வந்ததால் கியூபாவைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே 1977-இல் முதல் வகை டெங்கு நாடெங்கும் பரவியது. 1981-இல் இரண்டாம் வகை. சில மாதங்களில் 3,44,203 பேருக்குக் காய்ச்சல், 158 சாவு, அதில் 101 குழந்தைகள். அங்குள்ள மருத்துவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். ஆப்பிரிக்க வம்சாவளியினரைவிட வெள்ளையருக்குத்தான் நோய் அதிகம் முற்றியது. ஹெய்ட்டியிலும் பல வகை டெங்கு சுற்றியும் முற்றிய நோய் பெரிதாகத் தென்படவில்லை. பின்னாளில் கியூபர்களின் டிஎன்ஏவில் தேடியபோது, செல்லுக்குள் கொழுப்பைக் கையாளும் ஓஎஸ்பிபிஎல்10 என்ற மரபணுவில் அந்தப் பாதுகாப்பில் ஒரு பங்கு இருப்பதாகத் தெரிந்தது.

ஆக, பரம்பரை உண்டுதான். ஆனால் அது கூட்டத்தை எண்ணும்போது தெரிகிற சங்கதி. என் பணிக்காலத்தில் நான் பார்த்த முற்றிய கேஸ்களில் பாதி, காய்ச்சல் விட்டதும் வீட்டுக்குப் போய்விட்டுத் தாமதமாகத் திரும்பி வந்தவை. அதை எந்த வம்சக் கணக்கில் எழுத?

நெல்லை மருமகள்:
எல்லோருக்கும் நன்றி. ராத்திரி பரணில் ஏறி ஃபைலை எடுத்துவிட்டேன். மகளுக்கு மூன்றாம் நாளே ஐஜிஜி பாசிட்டிவ். மகனுக்கு நெகட்டிவ்.

அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். 2012 கோடை விடுமுறையில், ஆறு வயதில், அவளுக்கு நாலு நாள் காய்ச்சல் அடித்தது. வைரல் என்று விட்டுவிட்டோம். அந்த வருடம் எங்கள் மாவட்டமே டெங்குவில் கிடந்தது. அப்போது மகள் இருந்தது கடையநல்லூரில், மாமியார் வீட்டில். சின்னக் குழந்தையாக இருந்த மகன் என்னோடு என் அம்மா வீட்டில் இருந்தான்.

லேப் அண்ணா கணக்குப்படி, இனிமேல் இரண்டாவது தடவைக்காக நான் பயப்பட வேண்டியது மகனுக்குத்தான், இல்லையா? அவன் இப்போது விடுதியில் தங்கிப் படிக்கிறான். காய்ச்சல் வந்தால், அது விட்ட பிறகும் இரண்டு நாள் தினமும் எனக்குப் போன் செய்யச் சொல்லியிருக்கிறேன்.

மாமியாரிடம் கடையநல்லூர் விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. தீபாவளிக்கு வருகிறார்.