ஃப்யூஜிட்டிவ் டை: "நில்லாச் சாயம்" பொருந்துமா?

மடல் 1

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு சொல் வேண்டும். ஆங்கிலத்தில் ஃப்யூஜிட்டிவ் டை என்கிறார்கள். ஏற்றும்போது துணியில் அழகாகப் பிடித்துக்கொண்டு, கொஞ்ச நாளில் போய்விடுகிற சாயம். தோட்டத்துப் பழங்களை வைத்து நூலுக்கும் துணிக்கும் சாயமேற்றுவதைப் பற்றி ஒரு சின்னக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டாம் பக்கத்திலேயே இந்தச் சொல் தேவைப்பட்டது. அங்கேயே நிற்கிறேன்.

எதைப் பார்த்துக் கேட்கிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுப் பின்பக்கக் கம்பிவேலி முழுக்கக் கொடிப்பசலை. பழம் கறுத்ததும் என் மகள் ஒரு கிண்ணம் பறித்து வந்து அம்மியில் நசுக்கினாள். அம்மியிலிருந்து வழிந்த நிறத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எனக்கும் ஆசை வந்துவிட்டது. சோடா போட்டு வேகவைத்து அலசிக் காயவைத்திருந்த ஒரு சிட்டம் பருத்தி நூலை அதில் முக்கி ராத்திரி முழுக்க ஊறவிட்டேன். காலையில் பிழிந்து நிழலில் போட்டபோது கத்தரிப்பூவும் இல்லாமல் ரோஜாவும் இல்லாமல் நடுவில் ஒரு நிறம். காப்பித் தம்ளரோடு வந்து நின்று பார்த்த மாமியார், "இது நிக்காதும்மா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. முதல் அலசலில் வாளித் தண்ணீர் நூலைவிடச் சிவந்திருந்தது. மூன்றாவது அலசலில் நூல் அழுக்கு வெள்ளையாகிவிட்டது.

அடுத்து நாவல் பழம். இந்த முறை முறையாகவே செய்தேன். 100 கிராம் துணிக்கு 20 கிராம் கடுக்காய்த் தூள், 15 கிராம் படிகாரம். துணியைக் கடுக்காய்த் தண்ணீரில் ஒரு ராத்திரியும் படிகாரத் தண்ணீரில் ஒரு ராத்திரியும் ஊறவைத்தேன். பழச்சாற்றைக் கொதிக்க விடாமல், கை பொறுக்காத சூடு வரை மட்டும் ஏற்றித் துணியைப் போட்டேன். (சாயத்தைத் துணியில் பிடிக்கவைக்கிற படிகாரம் போன்ற பொருளுக்கு நிறமூன்றி என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. நல்ல சொல், அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.) சாம்பல் கலந்த ஊதா வந்தது. மூன்று நான்கு அலசலுக்கும் தாங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. துணியிலிருந்து ஒரு பட்டை கிழித்து, பாதியை அட்டையால் மூடி, மேலே செங்கல் வைத்து மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரில் பத்து நாள் போட்டு வைத்தேன். எடுத்துப் பார்த்தால் அட்டைக்கு அடியில் ஊதா, வெளியே இருந்த பாதியில் ஈரமண் நிறம். இரண்டுக்கும் நடுவே அட்டையின் விளிம்பு கோடு போட்டது போல விழுந்திருந்தது.

ஆக, பசலைச் சாயம் தண்ணீரில் போனது. நாவல் சாயம் தண்ணீரைத் தாங்கி வெளிச்சத்தில் போனது. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர்தான்.

இதுவரை நான் எழுதிப் பார்த்து அடித்தவை இவை. "தப்பியோடும் சாயம்": ஆங்கிலச் சொல்லின் வேர்ப்பொருளை அப்படியே பெயர்த்தது, எந்தச் சாயப்பட்டறையிலும் யாரும் இப்படிப் பேச மாட்டார்கள். "ஓடுகாலிச் சாயம்": வேண்டவே வேண்டாம், நம் ஊரில் அது வீட்டைவிட்டுப் போன பெண்ணைத் திட்டுகிற சொல். "பொய்ச்சாயம்": இதில் எனக்கு வருத்தமே உண்டு. பசலைப் பழம் யாரையும் ஏமாற்றவில்லையே. "நிலையாச் சாயம்": ஓரளவு சரி, ஆனால் எங்கேயோ இடிக்கிறது.

இப்போதைக்கு என் கையில் இருப்பது "நில்லாச் சாயம்". உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

மடல் 2

அன்புச் சகோதரிக்கு,

நான் பள்ளியில் தமிழ் நடத்துகிறவன். உங்கள் சொல்லில் இலக்கணப் பிழை இல்லை. அழியாப் புகழ், வாடா மல்லி போல நில்லாச் சாயமும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்தான். வல்லினம் வருவதால் ஒற்று மிகுகிறது. "நில்லாதவற்றை" என்றுதான் 331ஆம் குறள் தொடங்குகிறது, நிலையாமை அதிகாரத்தின் முதல் சொல்லே அது. பழைய சொல், பொருளும் தெளிவு.

ஆனாலும் ஒரு மாற்று வைக்கிறேன்: "வெளுசாயம்". சுடுநீர், ஊறுகாய் போல வினைத்தொகை. வெளுத்த, வெளுக்கிற, வெளுக்கும் சாயம் என மூன்று காலமும் அதற்குள் அடங்கும். சுருக்கமாகவும் இருக்கிறது. எதிர்மறைச் சொல்லால் பெயர் வைப்பதைவிட அது என்ன செய்கிறது என்பதைச் சொல்லிப் பெயர் வைப்பது நல்லது என்பது என் எண்ணம். "சாயம் வெளுத்துப் போச்சு" என்று ஊரே சொல்கிறது, அதிலிருந்தே எடுக்கலாமே.

மடல் 3

வணக்கம். கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். மூன்று செய்திகள்.

"நிலையாச் சாயம்" இடிப்பதற்குக் காரணம் உண்டு. நிலையற்ற சேர்மம் என்று நாங்கள் வேறொன்றைச் சொல்கிறோம். புட்டியில் வைத்தாலே சிதைவது அது. நீங்கள் பேசுவது துணியில் தங்குமா தங்காதா என்பதை. இரண்டையும் குழப்பக்கூடாது. அதனால் நில்லா என்பதே எனக்கும் சரியாகப் படுகிறது.

இரண்டாவது, பசலையும் நாவலும் ஒரே குடும்பச் சாயம் இல்லை. நாவல், முசுக்கொட்டை, களாப்பழம் இவற்றில் இருப்பது ஆந்தோசயனின் என்ற நிறமி. பசலைப் பழத்தில் இருப்பது பீட்டாலைன், பீட்ரூட்டில் இருப்பதன் உறவு. அது சூட்டையும் தாங்காது, பருத்தியைப் பிடித்துக்கொள்ளவும் அதற்கு வழி இல்லை. படிகாரத்தின் அலுமினியம் ஒரு கையால் நாரையும் மறு கையால் சாயத்தையும் பிடித்துக்கொள்வதால்தான் உங்கள் நாவல் துணி அலசலுக்குத் தாங்கியது. வெளிச்சம் சாய மூலக்கூறையே உடைக்கும்போது அந்தப் பிடி இருந்தும் பயனில்லை.

மூன்றாவது, நிறம் மாறுவதை இந்தச் சொல்லுக்குள் சேர்க்காதீர்கள். நாவல் துணியைச் சோப்பில் போட்டால் நீலம் ஓடிப் பச்சை தட்டும். அதன்மேல் எலுமிச்சை பிழிந்தால் இளஞ்சிவப்பாகத் திரும்பும். சாயம் அங்கேயேதான் இருக்கிறது, காரத்துக்கும் புளிப்புக்கும் ஏற்ப முகம் மாற்றுகிறது. மஞ்சள் பட்ட சட்டையைச் சோப்பில் தேய்த்தால் சிவக்கிறதே, அதே கதை.

துறையில் சாயத்தின் தாக்குப்பிடிப்பை அளக்கும்போது வெளிச்சத்தையும் சலவையையும் தனித்தனியாகத்தான் அளக்கிறார்கள். வெளிச்சத்துக்கு, துணியோடு சேர்த்து வைத்து ஒப்பிட எட்டு நீலக் கம்பளித் துண்டுகள்: 1 சட்டென்று வெளுக்கும், 8 மிக அதிகம் தாங்கும். சலவைக்கு 1 முதல் 5 வரை சாம்பல் நிற அளவுகோல். உங்கள் அட்டையும் செங்கல்லும் அந்த முதல் சோதனையின் வீட்டு வடிவம்தான். கையேட்டில் கட்டாயம் சேருங்கள்.

மடல் 4

அம்மிணி, வணக்கம்.

நான் கோவையில் நூற்பாலையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவன். பொய்ச்சாயம் வேண்டாம் என்று நீங்கள் சொன்னது ரொம்ப சரி. மில்லில் இந்தச் சாயத்துக்கு ஒரு வேலையே உண்டு. ஒரே கூரைக்குக் கீழே பல ரகப் பஞ்சு, பல கலப்பு ஓடும். எல்லாம் வெள்ளை. கலந்துவிட்டால் பிரிக்க முடியாது. அதனால் ஒவ்வொரு ரகத்துக்கும் லேசாக ஒரு நிறம் தெளிப்பார்கள், டின்ட் என்போம். ஒன்றுக்கு இளநீலம், ஒன்றுக்கு ரோஸ். கண்ணால் பார்த்தே எது எந்த ரகம் என்று சொல்லிவிடலாம். நெய்து முடித்து அலசும்போது அந்த நிறம் சுவடே இல்லாமல் போக வேண்டும். போகாமல் திட்டுத் திட்டாக நின்றுவிட்டால் அந்தத் துணி தள்ளுபடிதான். அங்கே போவதுதான் குணம், நிற்பது குற்றம்.

அதனால் வாத்தியார் சொன்ன வெளுசாயம் இதற்குச் சேராது. டின்ட் வெளுப்பது இல்லை, மொத்தமாகக் கழன்று தண்ணீரோடு போகிறது. நில்லாச் சாயம் என்றால் இதற்கும் சேரும்.

இன்னொன்று. 1960களில் மெட்ராஸ் கட்டம் போட்ட துணி அமெரிக்காவில் ரொம்ப ஓடியது. அலச அலசச் சாயம் இறங்கி ஒரு கட்டத்தின் நிறம் பக்கத்துக் கட்டத்தில் கலக்கும். சாயம் இறங்கும் என்று உறுதி சொல்லியே விற்றார்கள். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மடல் 5

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாக உங்கள் மடல்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இடையில் மகனுக்குக் காய்ச்சல், அதனால்தான் பதில் தாமதம்.

மில் அண்ணா எழுதியதைப் படித்ததும் எனக்கு முடிவு வந்துவிட்டது. நாம் வைக்கும் பெயர் அந்தச் சாயத்தைக் குறை சொல்லக்கூடாது. டின்ட் போனால்தான் நல்லது, மெட்ராஸ் துணியில் இறங்கினால்தான் அழகு, என் நாவல் துணியில் போனால் வருத்தம். மூன்றுக்கும் பொதுவானது ஒன்றுதான்: நிற்கவில்லை. எங்கே போயிற்று, எப்படிப் போயிற்று என்று நில்லா சொல்லவில்லை. அதனாலேயே அது பொதுப்பெயராக இருக்கத் தகுந்தது.

வாத்தியார் ஐயா, வெளுசாயத்தை நான் விடவில்லை. அதைப் பொதுப்பெயராக வைக்காமல் உட்பிரிவாக வைக்கலாம் என்று நினைக்கிறேன். மஞ்சளை எடுத்துக்கொள்ளுங்கள். குழம்பு கொட்டிய வேட்டியை எத்தனை அலசினாலும் கறை போகாது. "வெயில்ல போடு, தன்னால போயிடும்" என்பார்கள், போயும்விடும். அது தண்ணீருக்கு அசையாமல் வெயிலுக்குப் போகிற சாயம். நாவலும் அதே கட்சி. இவை வெளுசாயம். பசலையும் டின்ட்டும் தண்ணீருக்குக் கழன்றுவிடுகிறவை, இவற்றைக் "கழல்சாயம்" எனலாமா? கழல்கிற, கழன்ற, கழலும் சாயம். ஐயா சொல்லிக்கொடுத்த வினைத்தொகைதான், தப்பாக இருந்தால் திருத்துங்கள்.

எதிர்ச்சொல்லுக்கு நாம் மெனக்கெடவே வேண்டாம். ஜவுளிக்கடையில் புடவையைப் பிரித்துப் போட்டு "கெட்டிச் சாயம்மா, கவலப்படாதீங்க" என்று சொல்கிறார்களே, அந்தக் கெட்டிச் சாயம் போதும். நுணா வேர், இம்பூறல் வேர், மஞ்சிட்டி இவற்றின் சிவப்பு படிகாரத்தோடு சேர்ந்தால் கெட்டி. அவுரி நீலம் படிகாரமே இல்லாமல் கெட்டி. இந்த வேர்களும் இலையும் நிற்கின்றன, நான் ஏற்றிய பழங்கள் நிற்கவில்லை. பழத்தின் நிறம் பறவையைக் கூப்பிடுவதற்கு, அதற்குச் சில நாள் மினுங்கினால் போதும் என்று நான் மகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

வேதியியல் அம்மா சொன்னபடி நிறம் மாறுவதைத் தனியாக எழுதுகிறேன். எலுமிச்சைச் சோதனையை நேற்றே செய்து பார்த்தோம். சோப்புத் தண்ணீரில் பச்சை தட்டிய துணியில் மகள் மூன்று சொட்டுப் பிழிந்தாள், மூன்று இளஞ்சிவப்புப் பொட்டு. பையன் காய்ச்சலோடு எழுந்து வந்து தானும் பிழிவேன் என்று அடம்.

கையேட்டில் இப்படிப் போடப் போகிறேன்: "நில்லாச் சாயம்: துணியில் ஏறியபின் சலவையாலோ வெளிச்சத்தாலோ சீக்கிரம் நீங்கிவிடும் சாயம். தண்ணீரில் நீங்கினால் கழல்சாயம், வெளிச்சத்தில் நீங்கினால் வெளுசாயம். சில சாயங்கள் இரண்டிலும் சேரும். எதிர்: கெட்டிச் சாயம்." கீழே ஒரு குறிப்பு: எந்த நாரில் ஏற்றினோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், கம்பளியில் ஓரளவு நிற்பது பருத்தியில் நிற்காமல் போகலாம்.

கடைசியாக ஒன்று. சொல் முடிவானதை மாமியாரிடம் சொன்னேன். "நான் அன்னிக்கே நிக்காதுன்னு சொன்னேனே" என்றார். உண்மைதான். நான் பத்து நாள் தேடிய சொல்லை அவர் காப்பி ஆறுவதற்குள் சொல்லியிருக்கிறார். நம் குழுவின் சொற்பட்டியலில் "முன்மொழிந்தவர்" என்ற இடத்தில் அவரைப் போடலாமா என்று கேட்டேன். பேர் வேண்டாம், பசலை பழுத்திருக்கிறது, பிள்ளைகள் சட்டையில் தேய்ப்பதற்குள் போய்ப் பறி என்றார்.

கழல்சாயத்தைப் பற்றி மட்டும் இன்னும் கருத்து வேண்டும். அடுத்த வாரம் அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.