பேஸ்மெண்டில் வினைல் பிளாங்க்: கொங்கிரீட்டில் ஈரம், பள்ளம் இருந்தால் என்ன செய்யலாம்?

(கேட்பவர் கீழ்வீடு; பதில் சொல்பவர்கள் மட்டப்பலகையும் நேர்கோடும்.)

கீழ்வீடு: கனடாவில் ஸ்காபரோவில் 1968இல் கட்டின வீடு. பேஸ்மெண்ட் அறை 22 அடி நீளம், 14 அடி 2 இஞ்ச் அகலம். கார்ப்பெட்டைக் கழற்றியாச்சு, கீழே வெறும் கொங்கிரீட். படிக்கட்டடியில் 6க்கு 5 அடி இடம் பள்ளம், நடுவில் 3/8 இஞ்ச் ஆழம். வெளிச்சுவர் ஓரமாக வெள்ளைப் பொடி. வோஷர் (உடுப்புத் தோய்க்கிற மெஷின்) பக்கம் 9 இஞ்ச் சதுரப் பழைய டைல் கொஞ்சம் ஒட்டியிருக்கு. பார்த்து வைத்திருக்கிறது ஒன்றோடொன்று பூட்டுற கிளிக் வகை எஸ்பிசி (கல்பொடி கலந்த வினைல்) பிளாங்க்: 7க்கு 48 இஞ்ச், அடியில் ஃபோம் ஒட்டியே வருது, பெட்டிக்கு 23.6 சதுர அடி. எத்தனை பெட்டி வேணும்? எங்கே தொடங்கிறது? தரைவேலைக்கு நான் புதுசு.

மட்டப்பலகை: முதலில் அந்த 9 இஞ்ச் டைல். அந்தக் காலத்து 9 இஞ்ச் டைலிலும் அதன் கறுப்புப் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் (தூசியாக மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் நார்) இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. சுரண்டவேண்டாம், உடைக்கவேண்டாம், கிரைண்டர் பக்கமே கொண்டுபோகவேண்டாம். லேப்பில் சோதிக்கக் குடுங்கோ. இறுக ஒட்டியிருந்தால் அதை அப்படியே விட்டு மேலே போடலாம்.

வெள்ளைப் பொடி என்றால் சுவருக்குள்ளால் தண்ணி வந்து உப்பை விட்டுப்போட்டுப் போகுது. வினைல் நனைந்தாலும் கெடாதுதான். ஆனால் அடியில் அடைபட்ட ஈரம் போக வழியில்லாமல் பூஞ்சணம் பிடிக்கும், மணம் வரும், பேஸ்போர்டும் (சுவரடிப் பட்டை) ஜிப்ரொக்கும் (ஜிப்சம் சுவர்ப் பலகை) கீழிருந்து ஊறும். ஆகவே வெளியில் தொடங்குங்கோ: கூரைத் தண்ணி இறங்கும் பீலிக் குழாயின் வாயை வீட்டிலிருந்து 6 அடியாவது தள்ளி விடவேணும், மண் சரிவு வீட்டுக்கு எதிர்ப்பக்கமாக இருக்கவேணும். பிறகு பொடியைக் கம்பித் தூரிகையால் உரஞ்சி எடுத்துவிட்டு, திரும்ப வருதா என்று பாருங்கோ.

ஈரச் சோதனைக்கு 2 அடிச் சதுரத் தெளிவான பிளாஸ்டிக்கை நாலு ஓரமும் டேப் ஒட்டி 3 நாள் விடுங்கோ. மூன்று நாலு இடத்தில் செய்யவேணும், ஒன்று கட்டாயம் அந்த வெளிச்சுவர் ஓரம். பிளாஸ்டிக்கின் அடிப்பக்கம் துளி நின்றால் ஈரம் தரையிலிருந்து வருது. மேற்பக்கம் நின்றால் அது அறைக் காற்றின் ஈரம்; காற்றின் ஈரத்தை எடுக்கும் டிஹியூமிடிஃபையர் போதும். பனி உருகிற மார்ச், ஏப்ரலில் செய்தால்தான் நம்பலாம். ஆகஸ்டில் காய்ந்த தரை ஏமாத்தும்.

பள்ளத்துக்கு வருவம். 10 அடிக்கு 3/16 இஞ்சுக்கு மேல் ஏற்ற இறக்கம் இருக்கக்கூடாது. இருந்தால் மிதிக்கிற ஒவ்வொரு முறையும் பிளாங்க் வளைந்து, கிளிக்கின் மெல்லிய உதடு ஒருநாள் உடைந்துபோம். உங்கட பள்ளத்துக்கு 50 இறாத்தல் செல்ஃப் லெவலர் (ஊற்றினால் தானே மட்டமாகப் பரவும் சிமெந்துக் கலவை) ஒரு பை கிட்டத்தட்டச் சரி, இரண்டாக வாங்குங்கோ. முதலில் பிரைமர். அதைத் தவிர்த்தால் கொங்கிரீட் தண்ணியை உறிஞ்சிவிடும், மேலே ஊசித்துளை விழும், பிறகு பெயரும். தண்ணியைப் பையில் சொன்ன அளவுக்கு அளந்தே விடுங்கோ; இளக்கமாக இருக்கட்டும் என்று கூட்டினால் பலமே போச்சு.

நேர்கோடு: அளவு கணக்கு என் பங்கு. 312 சதுர அடி, கழிவுக்கு 10% சேர்த்தால் 343. ஆக 15 பெட்டி. எல்லாவற்றிலும் தயாரிப்பு எண் ஒன்றா என்று கடையிலேயே பாருங்கள், இல்லையென்றால் நிறம் மாறும். அறைக்குள் 48 மணிநேரம் படுக்கையாக வையுங்கள்.

சுவரோரம் சுற்றிலும் கால் இஞ்ச் இடைவெளி விட்டால் அகலத்தில் மிஞ்சுவது 169.5 இஞ்ச். முழுப் பலகையாகத் தொடங்கினால் 24 வரிசைக்குப் பின் ஒன்றரை இஞ்ச் கீற்றுதான் மிஞ்சும். அது பூட்டாது. முதல் வரிசையையும் கடைசி வரிசையையும் 4¼ இஞ்சாகக் கிழித்து, நடுவில் 23 முழு வரிசை போடுங்கள். முதல் வரிசையில் சுவரைப் பார்க்கும் பக்கத்தை வெட்டவேண்டும்.

நீளவாக்கில் முதல் பலகையை 48, 32, 14 இஞ்ச் என்று மாறிமாறித் தொடங்குங்கள். கடைசித் துண்டுகள் 23½, 39½, 9½ இஞ்ச் வரும், எதுவும் 8 இஞ்சுக்குக் குறையாது. முதல் வரிசையில் மிஞ்சும் 24½ இஞ்ச் துண்டு 14க்கு ஆகும், 14இல் தொடங்கிய வரிசையில் மிஞ்சும் 38½ அடுத்த 32க்கு ஆகும். ஒரே 24 இஞ்சில் ஒன்றுவிட்டு ஒன்று தொடங்கினால் ஏணிப்படி போலத் தெரியும்.

குறுக்கே வெட்ட மேற்பரப்பில் கத்தியால் இரண்டு மூன்று இழுப்பு இழுத்து, மடக்கி ஒடித்து, ஃபோமை அறுத்தால் போதும். நீளக் கிழிப்புக்கு மட்டும் ரம்பம். குறுகிய முனையைத் தட்டக் கட்டை வைத்து வெள்ளை ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள்; கறுப்பு ரப்பர் தடம் விடும். பிறகு நகத்தை இணைப்பின் மேல் இழுத்துப் பாருங்கள். தட்டுப்பட்டால் இன்னும் பூட்டவில்லை. அடுத்த பலகைக்குப் போகாமல் அங்கேயே கழற்றி, பலகை விளிம்பின் கிளிக் பள்ளத்துக்குள் தூசி இருக்கிறதா என்று பாருங்கள்.

கீழ்வீடு: இரண்டு பேருக்கும் பெரிய நன்றி. குளிருக்காக இன்னொரு ஃபோம் விரிக்கலாமோ?

மட்டப்பலகை: வேண்டாம். ஃபோமுக்கு மேல் ஃபோம் என்றால் திரும்பவும் அதே வளைவு, அதே உடைவு. பெட்டிக்குள் வரும் வழிமுறைத் தாள் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் 6 மில் (இஞ்சில் ஆயிரத்தில் ஆறு பங்கு) தடிப்புப் பொலித்தீன் மட்டும் விரியுங்கோ, 8 இஞ்ச் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி டேப் ஒட்டி. சூடுதான் முக்கியம் என்றால் ட்ரைகோர் மாதிரி, கொங்கிரீட்டுக்கு மேல் காற்றிடைவெளி விடும் 2 அடிச் சதுரப் பலகை அடியில் போடலாம், இந்த அறைக்கு 80க்குக் குறையாமல் வேணும். கதவின் அடியும் கடைசிப் படியின் உயரமும் ஒரு இஞ்ச் மாறும், அதைப் பார்த்து முடிவெடுங்கோ.

நேர்கோடு: ஃப்ளோர் ட்ரெயினையும் (தரை வடிகால்) பேக்வாட்டர் வால்வின் (கழிவுநீர் திரும்பி ஏறாமல் தடுப்பது) மூடியையும் மூடிவிடாதீர்கள், லெவலர் ஊற்றும்போது அவற்றைச் சுற்றி ஃபோம் பட்டையால் அணை கட்டுங்கள். இரும்புத் தூணைச் சுற்றியும் அதே கால் இஞ்ச். இடைவெளியை மறைக்கும் கால்வட்டப் பட்டையான குவார்ட்டர் ரவுண்டின் ஆணி பேஸ்போர்டில் இறங்கவேண்டும், தரையில் அல்ல. அடியில் ரப்பர் ஒட்டிய மேட் வோஷர் பக்கம் போடாதீர்கள், வினைலில் மஞ்சள் கறை ஏறினால் துடைத்துப் போகாது.