ஆண்டுக்கு இரண்டு மாத்திரை போதுமா?

வேலூர்க்காரன்:
பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் ஆண்டுக்கு இருமுறை தரப்படும் பூச்சி மாத்திரை வெறும் கண்துடைப்பு என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இதை என்னால் ஏற்க முடியவில்லை. 2015இல் தொடங்கிய இத்திட்டத்தில் தரப்படும் 400 மில்லிகிராம் அல்பெண்டசோலுக்கு உருளைப்புழுக்கள் பெரும்பாலும் ஒரே வேளையில் வெளியேறிவிடுகின்றன. ஊருக்கெல்லாம் கழிப்பறையும் தண்ணீரும் வந்து சேரும்வரை, சோகை பிடித்த பிள்ளையைக் காத்திருக்கச் சொல்வது என்ன நியாயம்?

மலைநாட்டான்:
எழுதியவன் நான்தான். மாத்திரையோடு கடமை முடிந்தது என்னும் மனப்போக்கைத்தான் கண்டித்தேன். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 1916 முதல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை, குடலில் ரத்தம் உறிஞ்சிச் சோகை உண்டாக்கும் கொக்கிப்புழுவின் ஒழிப்பை நடத்தியது. தமிழகத்திலிருந்து போன தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த லயன்கள் என்னும் வரிசை வீடுகள் பலவற்றில் கழிப்பறையே இல்லை. மருந்து குடித்தவர்கள் அதே ஈரமண்ணில் வெறுங்காலோடு கொழுந்து பறிக்கப் போனார்கள். மலத்திலிருந்த முட்டை பொரித்து வந்த இளம்புழு, பாதத்தைத் துளைத்து, நுரையீரல் வழியாக மறுபடி குடலுக்கு வந்து சேர்ந்தது. தோட்டத்தை நடத்திய துரைமார்களோ கழிப்பறைக்குச் செலவழிக்கத் தயங்கிக்கொண்டு, கூலிகளின் பழக்கத்தைக் குறை சொன்னார்கள்.

வேலூர்க்காரன்:
அன்று புழுமருந்தாகக் கொடுத்த கீனோபோடியம் எண்ணெய் நஞ்சுத்தன்மை கொண்டது. இன்றைய மாத்திரையை அதனோடு ஒப்பிடலாகாது. மேலும், இன்று கழிப்பறை கட்டிக் கொடுத்த வீடுகளிலும் அதில் விறகு அடுக்கி வைத்திருக்கிறார்களே, அதற்கும் துரைமார்தான் காரணமா?

ஓய்வுபெற்ற செவிலியர்:
விறகு அடுக்கிய வீட்டில் தண்ணீர்க் குழாய் இருந்ததா என்று பார்த்தீர்களா, தம்பி? குடிநீருக்கே குடத்தோடு வரிசையில் நிற்கும் பெண், கழிப்பறைக்கென்று இன்னும் இரண்டு குடம் சுமக்க வேண்டும். குழி நிரம்பினால் யார் அள்ளுவது என்ற அச்சம் வேறு. அந்த வேலையை ஒரு சாதியின் தலையில் கட்டிய ஊரில் அந்த அச்சம் எளிதில் போகாது. செருப்புப் போடுங்கள் என்று நானும் சொல்லியிருக்கிறேன். நடவுச் சேற்றில் செருப்போடு நிற்க முடியாது. வரப்பில் கழற்றி வைத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். அவர்களுக்குப் பள்ளி மாத்திரையும் இல்லை, அது 19 வயதோடு நின்றுவிடுகிறது.

வேலூர்க்காரன்:
அப்படியானால் மாத்திரையைப் பெரியவர்களுக்கும் விரிவாக்குங்கள். திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சிஎம்சி) ஆய்வாளர்கள் வயது பாராமல் மருந்து கொடுத்துப் பார்த்தார்களே, அம்மா.

மலைநாட்டான்:
தாராளமாகக் கொடுங்கள். மாத்திரை குடலிலுள்ள புழுவைக் கொல்லும். வரப்போரத்து மண்ணில் கிடக்கும் புழுவை என்ன செய்யும்? அந்த மண்ணில் மலம் சேராமல் தடுக்கும் செலவு எந்தத் துறையின் கணக்கில் வருகிறது என்று நீங்கள் சொல்லவே இல்லை.