விந்தக ஸ்கேன் அறிக்கை: ‘ஹைப்போஎக்கோயிக்’ குறையெதிரொலியா, மெல்லெதிரொலியா?

அனைவருக்கும் வணக்கம்.

விந்தக அல்ட்ராசவுண்ட் அறிக்கைகளைத் தமிழாக்கும்போது அனெக்கோயிக் (ஒலியலை எதிரொலித்துத் திரும்பாதது), ஹைப்போஎக்கோயிக் (குறைவாகத் திரும்புவது) இரண்டையும் ‘எதிரொலி குறைந்த’ என்றே பலரும் எழுதிவிடுகிறார்கள். இது ஆபத்து. முன்னது திரையில் முழுக் கறுப்பு: ஹைட்ரோசீல் (விந்தகத்தைச் சுற்றித் தேங்கும்) நீர், நீர்க்கட்டி. பின்னது சுற்றியுள்ள திசுவைவிடக் கறுத்த சாம்பல் நிறம். விந்தகத்துக்குள்ளேயே சாம்பல் முடிச்சு இருந்தால் புற்றுநோயா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். விந்தகப் புற்றுநோய் வகையான செமினோமா பெரும்பாலும் சீரான சாம்பலாகவே தெரியும்.

எனவே அனெக்கோயிக்குக்கு ‘எதிரொலியற்ற’, ஹைப்போவுக்குக் ‘குறையெதிரொலி’, எதிரொலி மிகுந்து வெளுப்பாகத் தெரியும் ஹைப்பர்எக்கோயிக்குக்கு ‘மிகையெதிரொலி’ என முன்மொழிகிறேன்.

*

ஐயா, ‘எதிரொலியற்ற’ நன்று. ‘குறையெதிரொலி’ மட்டும் வேண்டாம். குழந்தையின்மைக்காக ஸ்கேன் எடுத்தவர் கைக்குப் போகும் தாள் அது. ‘குறை’ என்ற சொல் கண்ணில் பட்டதும் ஆண்மைக் குறை என்றே படித்துக்கொள்வார்.

மெல்லெதிரொலி, வல்லெதிரொலி என்று வைக்கலாமே? வல்லினம் மெல்லினம் படித்தவருக்கு விளக்கம் தேவைப்படாது. நுண்சுண்ணப் புள்ளிகளையும் ‘வல்லெதிரொலிப் புள்ளிகள், நிழல் இல்லை’ என்று சுருக்கமாக எழுதிவிடலாம்.

ஒன்று: மெல், வல் இரண்டும் ஒப்பீட்டுச் சொற்கள். எதைவிட என்று சொல்லாத அறிக்கை பயன்படாது. ‘சுற்றியுள்ள விந்தகத் திசுவைவிட மெல்லெதிரொலி’ என்று முழுதாக எழுத வேண்டும். ‘எதிரொலியற்ற’வுக்கு அந்தத் தேவை இல்லை.

*

‘குறை’ பற்றிய தங்கள் கருத்தை ஏற்கிறேன். மெல்லெதிரொலியே இருக்கட்டும்.

இச்சொற்களுக்கான விளக்கக் குறிப்பில் கெயினைப் (திரும்பும் எதிரொலியைப் பெருக்கிக் காட்டும் அளவைப்) பற்றியும் சொல்லியாக வேண்டும். 7 முதல் 15 மெகாஹெர்ட்ஸ் லீனியர் புரோபில்கூட (உடல்மேல் வைக்கும் ஸ்கேன் கருவிமுனை), கெயினை அதிகம் தாழ்த்தினால் திண்ம முடிச்சு கறுத்து நீர்க்கட்டிபோல் காட்டும். ஏற்றினால் வெறும் நீருக்குள் பொய்ப்புள்ளிகள் நிரம்பும். அதனால் கறுப்பை மட்டும் நம்பி ‘எதிரொலியற்ற’ என்று எழுதக் கூடாது. சுவர் மெல்லியதாக, வழவழப்பாக இருக்கிறதா, கட்டிக்குப் பின்னுள்ள திசு வெளுத்துத் தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்த வெளுப்புக்கும் நம்மிடம் சொல் இல்லை; ‘பின்வெளுப்பு’ என்கிறேன்.

*

பின்வெளுப்பு பொருத்தம். ரத்தவோட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளரையும் சேர்த்துவிடுங்கள். முடிச்சுக்குள் ரத்தவோட்டம் தெரிந்தால் அது திண்மம். தெரியாவிட்டால் நீர் என்று முடிவுகட்ட முடியாது. சிறிய கட்டிகளில் ஓட்டம் பிடிபடாமல் போகும். மெதுவான ஓட்டமும் தெரியும்படி டாப்ளரின் வேக அளவுகோலையும் வடிப்பானையும் தாழ்த்தி, மறுபக்க விந்தகத்தில் ஓட்டம் தெரிகிறதா என்று சரிபார்த்த பிறகே ‘ஓட்டமில்லை’ என எழுத வேண்டும்.