மறுமொழி: காற்றுச் சுவாச இயந்திரமா, வளியுண் பொறியா?

> சுவாசம் என்றால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். "காற்றுச் சுவாச இயந்திரம்" என்றே வைத்துவிடுவோமே தம்பி?

விளங்கும் அண்ணா, ஆனால் பிழையாக விளங்கும். நாங்கள் தமிழ்ப் பெயர் தேடுவது air-breathing engine என்பதற்கு, அதாவது எரிக்கத் தேவையான ஒட்சிசனை வெளி வளியில் இருந்தே எடுக்கும் இயந்திரத்துக்கு. சுவாசம் என்றால் உள்ளே இழுப்பதும் வெளியே விடுவதும் மாறி மாறி நடக்கவேண்டும். விமானத்தில் முன்வாயால் வளி ஓயாமல் புக, பின்னால் சூடான வாயு ஓயாமல் பீறிடுகிறது.

றொக்கெட் கட்டுச்சோற்றோடு புறப்படுகிற ஆள். எரிபொருளோடு, அதை எரிக்கத் தேவையான ஒட்சிசனையும் தானே சுமக்கிறது. அமெரிக்க விண்ணோடத்தின் வெளித் தாங்கியில் திரவ ஐதரசன் ஏறக்குறைய 106 தொன். திரவ ஒட்சிசனோ 630 தொன்னுக்குக் கிட்ட. கட்டுச்சோறுதான் பாரம்! பலாலியில் இருந்து சென்னைக்குப் பறக்கும் சின்ன விமானத்துக்கு அந்தப் பாரம் இல்லை, ஒட்சிசனை வழியிலேயே சாப்பிட்டுக்கொண்டு போகிறது. அதே வித்தையால் பூமியின் சுற்றுப்பாதை வரை ஏறலாமா என்பதுதானே இந்தப் பொறிகளைப் பற்றிய கேள்வி? ஆகவே "உண்" என்ற வினைதான் பொருந்தும்: வளியுண் பொறி. உண்கலம் போல. பாம்பைப் பவனாசனம், அதாவது காற்றை உண்பது, என்று சொன்னவர்களுக்கு இது புதிதல்ல.

பொறி என்றால் எலிப்பொறி நினைவுக்கு வருமாம். பொறியியல் பீடத்துக்குப் பிள்ளை தெரிவானால் யாருக்கு எலி நினைவுக்கு வருகிறது?

சிக்கல் வளியுண் பொறியின் இரண்டு வகைகளான ராம்ஜெட், ஸ்கிராம்ஜெட்டில்தான். இரண்டிலும் சுழலி இல்லை. பாயும் வேகமே வளியை நெருக்குகிறது. முன்னதில் வளி ஒலிவேகத்துக்குக் கீழே தணிந்த பிறகு எரிதல் நடக்கும். பின்னதில் வளி மீயொலி வேகத்தில், அதாவது ஒலியை மிஞ்சிய வேகத்தில், ஓடும்போதே எரிதல் நடக்கவேண்டும். 2016 ஓகஸ்டில் இஸ்ரோ சோதித்தது இதைத்தான். "மீயொலிப் பொறி" என்றால் ஒலியை மிஞ்சிப் பறந்த பயணிகள் விமானமான கொன்கோர்ட்டின் பொறியும் அதற்குள் வந்துவிடும். மீயொலி எரிதலோடு ஒட்டவேண்டும்: மீயொலியெரி பொறி. வாயில் இடறுகிறது, ஒத்துக்கொள்கிறேன். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிசன் வைத்தியரான கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தபோது இதைவிட இடறியிருக்கும்.

இன்னொன்று மிச்சம். 2004இல் நாசாவின் ஆளில்லா ஸ்கிராம்ஜெட் விமானமான எக்ஸ்-43ஏ ஒலியைப்போல் ஏறக்குறைய 9.6 மடங்கு வேகத்தில் போனது. சுற்றுப்பாதைக்கு 25 மடங்கு அளவில் வேண்டும். அந்த உயரத்தில் உண்ண வளியும் இல்லை. கடைசியில் கட்டுச்சோற்றை அவிழ்த்தே ஆகவேண்டும். பிரித்தானியரின் சேபர் (SABRE) என்ற பொறி வடிவமைப்பில் ஏறக்குறைய 5 மடங்கு வேகம்வரை வளி, பிறகு வாயை மூடிக்கொண்டு தாங்கி ஒட்சிசன். இதற்கு "ஈருண் பொறி" சரிவருமா? மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் எழுதுங்கள், அன்று கலைச்சொற் பட்டியலில் ஏற்றப்போகிறேன்.

கொக்குவிலில் இருந்து,
உங்கள் தம்பி